குளிர்காலத்தில் கால்நடைகளுக்கு ஹீட்டர் அவசியமா? ‘ஸ்டார்டியூ வேலி’ விளையாட்டு: சந்தேகங்களும் விளக்கங்களும்

‘ஸ்டார்டியூ வேலி’ வீடியோ விளையாட்டில் முதன்முறையாகப் பண்ணை அமைப்பவர்கள் பலரும் குழம்பும் இடம், முதல் ஆண்டின் குளிர்காலம். பனி விழத் தொடங்கியதும் கோழிகளும் மாடுகளும் வெளியே வருவதில்லை; மேய்ச்சலும் நின்றுவிடுகிறது. கொட்டகைக்கு ஹீட்டர் வாங்க வேண்டுமா, எத்தனை வாங்க வேண்டும், எந்தத் தேதிக்குள் வாங்க வேண்டும் என்பன போன்ற சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே தரப்படுகின்றன.

இது எந்த வகை விளையாட்டு?

எரிக் பரோன் என்பவர் தனியாளாக உருவாக்கி, 2016 பிப்ரவரி 26 அன்று கணினியில் வெளியிட்ட பண்ணை வாழ்க்கை விளையாட்டு இது. பயிரிடுவது, கால்நடை வளர்ப்பது, ஊர் மக்களுடன் பழகுவது ஆகியவை இதன் முக்கிய வேலைகள். இதன் 1.6 பதிப்பு 2024 மார்ச் 19 அன்று கணினிக்கும், அதே ஆண்டு நவம்பர் 4 அன்று கைப்பேசி, கன்சோல் கருவிகளுக்கும் வந்தது.

விளையாட்டில் குளிர்காலம் எவ்வளவு நாள்?

வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என நான்கு பருவங்கள் சேர்ந்தது ஓர் ஆண்டு. ஒவ்வொரு பருவத்துக்கும் 28 நாள்கள். எல்லாப் பருவங்களும் திங்கள்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும். எனவே, குளிர்கால ஏற்பாடு என்பது சரியாக 28 நாள்களுக்கானது.

ஹீட்டர் என்ன செய்கிறது?

விளையாட்டில் ஒவ்வொரு விலங்குக்கும் 0 முதல் 255 வரையிலான மனநிலை மதிப்பு உண்டு. குளிர்காலத்தில் மாலை 6 மணிக்குப் பிறகு, ஹீட்டர் இல்லாத கொட்டகையில் இருக்கும் விலங்குகளின் மனநிலை 150-க்கு மேல் இருந்தால் அது படிப்படியாகக் குறையும். ஹீட்டர் இருந்தால் அதே நேரத்தில் அது குறையாமல் உயரும்.

மற்ற பருவங்களில் ஏன் இந்தச் சிக்கல் இல்லை?

வெளியே சென்று பசும்புல் மேயும் விலங்கின் மனநிலை உடனே உச்சத்துக்குப் போய்விடும். குளிர்காலத்தில் விலங்குகள் 28 நாள்களும் கொட்டகைக்குள்ளேயே இருப்பதால் அந்த வாய்ப்பு இல்லை. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் ஹீட்டர் உதவுகிறது.

ஹீட்டர் இல்லாவிட்டால் விலங்குகள் இறந்துவிடுமா?

இறக்காது. குளிராலோ பட்டினியாலோ பண்ணை விலங்குகள் இறப்பதாக விளையாட்டில் விதி இல்லை. குளிரால் நோய் வருவதும் இல்லை. பாதிப்பு முழுவதும் மனநிலையிலும், அதன் வழியாகப் பால், முட்டை, கம்பளி ஆகியவற்றின் தரத்திலும்தான்.

தரம் எந்த அளவுக்குப் பாதிக்கப்படும்?

தரத்தைத் தீர்மானிக்கும் கணக்கில் நட்புப் புள்ளி, மனநிலை இரண்டும் சேர்கின்றன. நட்பு முழு அளவான 1,000 புள்ளியாக இருந்தாலும், மனநிலை 150-இல் நின்றால் கணக்கு சுமார் 0.67 என்றே வரும். மிக உயர்ந்த இரிடியம் தரத்துக்கு அது குறைந்தது 0.95 ஆக இருக்க வேண்டும். கால்நடைத் தொழில் தேர்ச்சிகளால் கிடைக்கும் கூடுதல் மதிப்பு இதில் சேர்க்கப்படவில்லை.

பண மதிப்பில் இது எவ்வளவு வேறுபாடு?

சாதாரணத் தரத்தில் ஒரு பெரிய பாலின் அடிப்படை விலை 190 தங்கக் காசு. வெள்ளித் தரத்துக்கு ஒன்றேகால் மடங்கும், தங்கத் தரத்துக்கு ஒன்றரை மடங்கும், இரிடியம் தரத்துக்கு இரண்டு மடங்கும் கிடைக்கும். அதாவது அதே பால் தங்கத் தரத்தில் 285 காசுக்கும், இரிடியம் தரத்தில் 380 காசுக்கும் விலைபோகும்.

ஹீட்டர் எங்கே கிடைக்கும்? விலை என்ன?

பண்ணைக்குத் தெற்கே சிண்டர்சாப் காட்டில் உள்ள மார்னியின் கடையில் மட்டுமே வழக்கமாக வாங்க முடியும். விலை 2,000 தங்கக் காசு. மரம், கல், உலோகம் ஆகியவற்றைக் கொண்டு இதைச் சொந்தமாகச் செய்துகொள்ள வழியில்லை.

எந்தத் தேதிக்குள் வாங்க வேண்டும்?

இலையுதிர் காலத்தின் 28-ஆம் நாளான ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குள் வாங்கிவிடுவது பாதுகாப்பானது. மார்னியின் கடை காலை 9 முதல் மாலை 4 மணி வரை செயல்படும். திங்கள், செவ்வாய் விடுமுறை. குளிர்காலத்தின் முதல் இரு நாள்களும் இந்த விடுமுறையிலேயே வருவதால், தவறவிட்டவர்கள் 3-ஆம் நாளான புதன்கிழமை வரை காத்திருக்க வேண்டும். 1.6 பதிப்பில் சேர்க்கப்பட்ட ‘அனிமல் கேட்டலாக்’ என்ற புத்தகத்தைப் படித்தவர்கள் மட்டும் மார்னி இல்லாத வேளையிலும் பொருள் வாங்கலாம்.

ஒரு பண்ணைக்கு எத்தனை ஹீட்டர் தேவை?

கோழிக்கூடு, மாட்டுத் தொழுவம் என ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒன்று தேவை. ஒரே கட்டடத்தில் இரண்டு வைத்தாலும் பலன் இரட்டிப்பாகாது. ஒரு கூடும் ஒரு தொழுவமும் உள்ள பண்ணைக்கு மொத்தச் செலவு 4,000 தங்கக் காசு.

பெரிய கட்டடத்துக்கு ஒன்று போதுமா?

போதும். ஆரம்ப நிலைக் கட்டடத்தில் 4, அடுத்த நிலையில் 8, இறுதி நிலையில் 12 விலங்குகள் வரை இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே ஹீட்டர்தான். இறுதி நிலைக் கட்டடம் தீவனத்தைத் தானாக வைக்கும் வசதி கொண்டது என்றாலும், ஹீட்டர் அதனுடன் சேர்ந்து வருவதில்லை.

எரிபொருள், பராமரிப்புச் செலவு உண்டா?

இல்லை. நிலக்கரியோ விறகோ இதற்குத் தேவைப்படாது, பழுதும் ஆகாது. ஒருமுறை வாங்கினால் அடுத்தடுத்த ஆண்டுகளின் குளிர்காலத்துக்கும் அதுவே போதும்.

எங்கே வைக்க வேண்டும்? பிறகு எடுக்கலாமா?

கட்டடத்தின் உள்ளே காலியாக உள்ள எந்தத் தரைக் கட்டத்திலும் வைக்கலாம். மூலைக்கும் நடுவுக்கும் பலனில் வேறுபாடு இல்லை. கட்டடத்துக்கு வெளியே வைத்தால் உள்ளே இருக்கும் விலங்குகளுக்குப் பலன் கிடைக்காது. கோடரியால் தட்டி எடுத்து வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வசந்தத்திலும் கோடையிலும் அணைக்க வேண்டுமா?

வேண்டாம். ஹீட்டரின் விளைவு குளிர்காலத்தில் மட்டுமே கணக்கில் வரும். மற்ற மூன்று பருவங்களில் அது அங்கேயே இருந்தாலும் விலங்குகளுக்கு வெப்பத்தால் பாதிப்பு இல்லை.

ஹீட்டர் வைத்துவிட்டால் தடவிக் கொடுக்க வேண்டியதில்லையா?

நாள்தோறும் தடவிக் கொடுப்பதும் தீவனமும் கட்டாயம். ஒருமுறை தடவிக் கொடுத்தால் 15 நட்புப் புள்ளிகள் கூடும். 200 புள்ளிகளுக்கு ஓர் இதயம் என 5 இதயங்கள் வரை சேரும். மனநிலை 150 அல்லது அதற்குக் கீழே உள்ள விலங்கை ஹீட்டர் மட்டுமே தேற்றிவிடாது; தீவனமும் கவனிப்பும்தான் அதை மேலே கொண்டுவரும்.

குளிர்காலத்துக்கு எவ்வளவு தீவனம் சேமிக்க வேண்டும்?

ஒரு விலங்குக்கு ஒரு நாளைக்கு ஓர் உலர்புல் கட்டு தேவை. இதன்படி 28 நாள்களுக்கு 4 விலங்குகளுக்கு 112, 8 விலங்குகளுக்கு 224, 12 விலங்குகளுக்கு 336 கட்டுகள் வேண்டும். ஒரு சைலோவில் 240 கட்டுகள் கொள்ளும் என்பதால், 12 விலங்குகள் உள்ளவர்களுக்கு இரண்டு சைலோக்கள் தேவைப்படும்.

சைலோ கட்ட என்ன செலவு? கட்டாமல் தீவனம் வாங்கலாமா?

தச்சர் ராபினிடம் 100 தங்கக் காசு, 100 கல், 10 களிமண், 5 செம்புக் கட்டிகள் கொடுத்தால் இரண்டு நாளில் கட்டி முடிப்பார். குளிர்காலத்தில் புல் வளராது. எனவே இலையுதிர் காலம் முடிவதற்குள் புல்லை அறுத்துச் சைலோவை நிரப்ப வேண்டும். மார்னியிடம் ஒரு கட்டு 50 காசுக்குக் கிடைக்கும். 336 கட்டுகளையும் விலைக்கு வாங்கினால் 16,800 காசு ஆகும்.

கொட்டகைக் கதவை மூடுவது அவசியமா?

குளிர்காலத்தில் கதவு திறந்திருந்தாலும் விலங்குகள் வெளியே போகாது, மூடியே வைத்திருக்கலாம். மற்ற பருவங்களில் எல்லா விலங்குகளும் உள்ளே வந்த பிறகே மூட வேண்டும். வெளியே அகப்பட்டுக்கொண்ட விலங்கின் மனநிலை பாதியாகக் குறையும். இரவில் காட்டு விலங்கு தாக்கி அதை இழக்கவும் நேரலாம்.

ஹீட்டர் இருந்தால் பன்றிகள் ட்ரஃபிள் தருமா?

தராது. பன்றிகள் வெளியே சென்று மண்ணைக் கிளறினால்தான் ட்ரஃபிள் கிடைக்கும். குளிர்காலத்தில் அவை வெளியே வருவதில்லை. தொழுவத்தில் பன்றிகள் மட்டுமே இருந்தால், ஹீட்டரால் அந்தப் பருவத்தில் வருமானம் கூடாது.

தேனீப் பெட்டி, மீன் குளம், செல்லப் பிராணிகளுக்கும் தேவையா?

தேவையில்லை. பண்ணையில் உள்ள தேனீப் பெட்டிகள் குளிர்காலத்தில் தேன் தருவதில்லை. ஹீட்டரால் அதை மாற்ற முடியாது. மீன் குளங்கள் வழக்கம்போல் இயங்கும். நாய், பூனை, குதிரை ஆகியவற்றுக்குக் குளிரால் பாதிப்பு இல்லை.

கையில் பணம் குறைவாக இருந்தால் எதற்கு முன்னுரிமை?

முதலில் தீவனம், அடுத்து ஹீட்டர். தீவனம் கிடைக்காத விலங்கின் நட்பும் மனநிலையும் ஒருசேரக் குறையும். மனநிலை 70-க்குக் கீழே போனால் பால், முட்டை கிடைக்காத நாள்களும் வரும். இரண்டு கட்டடங்களில் ஒன்றுக்கு மட்டுமே ஹீட்டர் வாங்க முடியும் என்றால், விலை அதிகமுள்ள பொருளைத் தரும் மாடுகள் இருக்கும் தொழுவத்தில் வைப்பதே லாபம்.

விலங்கு மகிழ்ச்சியாக உள்ளதா என்பதை எப்படி அறிவது?

அன்றைய நாளில் தடவிக் கொடுத்த பிறகு மீண்டும் ஒருமுறை அந்த விலங்கைத் தொட்டால் தகவல் பலகை திறக்கும். அதில் இதயங்களின் எண்ணிக்கையும் மனநிலை பற்றிய ஒரு வரியும் இருக்கும். மனநிலை 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் மகிழ்ச்சி, 30 முதல் 199 வரை இயல்பு, 30-க்குக் கீழே வருத்தம் என அந்த வரி மாறும்.