ரயில்வே கேட்டில் உங்கள் கண்ணே உங்களை ஏமாற்றும், தெரியுமா?

கேட் அடைத்திருக்கிறது. தண்டவாளத்தின் கோடியில் எஞ்சின் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. "அது வர்றதுக்குள்ள நாலு வண்டி போயிடலாம்ணே" என்றபடி பக்கத்து பைக்காரர் தலையைக் குனிந்து தடுப்புக் கம்பிக்கு அடியில் நுழைகிறார். அவருடைய மனக்கணக்கு எங்கே தப்புகிறது தெரியுமா? கண்ணில்!

ஆமாம். பெரிய பொருள் எவ்வளவு வேகமாக வந்தாலும் மெதுவாக வருவதாகவே மனிதக் கண்ணுக்குப் படுமாம். ஹெர்ஷல் லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985-இல் இதை லெவல் கிராசிங் விபத்துகளோடு முடிச்சுப் போட்டு எழுதினார். மீனம்பாக்கத்தில் இறங்கும் பெரிய விமானத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சின்ன விமானத்தைவிட வேகமாக வந்தாலும், வானத்தில் சோம்பலாக மிதப்பதாகத்தான் தோன்றும். ரயிலிலும் அதே மாயம். போதாததற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நேர் எதிரே வரும் பொருளின் வேகத்தை அறிய, அது பெரிதாகிக்கொண்டே வருகிறது என்பதைத் தவிரக் கண்ணுக்கு வேறு துப்பில்லை. தூரத்தில் இருக்கும்வரை அந்த வளர்ச்சி தெரியவே தெரியாது. கிட்டத்தில் வந்ததும் திடீரென்று விஸ்வரூபம் எடுக்கும். அதற்குள் பைக்காரர் நட்ட நடுவில் நிற்பார்.

இந்த மாயத்தை உடைக்க மும்பையில் பெயின்ட் வாளியைத் தூக்கினார்கள் தெரியுமா? 2010 வாக்கில், வடாலா நிலையத்துக்கு அருகே தண்டவாளத்தைக் கடப்போர் அடிக்கடி அடிபட்ட இடத்தில், ஃபைனல்மைல் என்ற நடத்தை ஆய்வு நிறுவனம் ஸ்லீப்பர் கட்டைகள் சிலவற்றுக்குப் பளிச்சென்று மஞ்சள் அடித்தது. மஞ்சள் பட்டைகள் ஒவ்வொன்றாக எஞ்சினுக்கு அடியில் மறைவதைப் பார்த்தால் "அடேங்கப்பா, இந்த வேகமா!" என்று கண்ணுக்கு உறைக்கும். ஒரே நீள ஹாரனையும் மாற்றி, விட்டு விட்டு இரண்டு முறை அடிக்கச் சொன்னார்கள். நடுவே விழும் அந்தச் சின்ன மௌனம்தான் ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்கும் என்பது அவர்கள் கணிப்பு. போதனைப் பலகை நட்டுவிட்டுப் போகாமல் கண்ணுக்கு வைத்தியம் பார்த்தார்கள் பாருங்கள், அதைச் சொல்ல வேண்டும்.

சரி, ஹாரன் என்றதும் இன்னொன்று. ஜன்னலோர சீட்டில் போகும்போது, தண்டவாளத்தை ஒட்டி மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் 'டபிள்யூ/எல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லெவல் கிராசிங் வருகிறது, விசில் அடி என்று லோகோ பைலட்டுக்குச் சொல்லும் பலகை அது. அகலப் பாதையில் அது கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் நிற்கும். மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் எக்ஸ்பிரஸ் அந்த 600 மீட்டரை எத்தனை நொடியில் விழுங்கும் தெரியுமா? ஏறக்குறைய 20 நொடி! 130 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட தடங்களில் பதினாறு, பதினேழுதான். ஹாரன் கேட்ட பிறகு பைக்கைச் சாய்த்துக் கம்பிக்கடியில் நுழைத்து, ஜல்லியில் சறுக்கி, எஞ்சின் நின்று, மறுபடி கிக்கரை உதைத்து... கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பார்த்துவிட்டு டிரைவர் பிரேக் போட மாட்டாரா என்றால், போடுவார். ஆனால் எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம்! இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒரு நாணயத்தின் அளவுதான். சாலையில் ரப்பர் டயருக்குக் கிடைக்கும் பிடிமானம் அங்கே கிடைக்காது. அந்த வழுக்கலால்தான் ஐயாயிரம் டன் சரக்கை ஓர் எஞ்சின் இழுக்க முடிகிறது, அதே வழுக்கலால்தான் சட்டென்று நிற்கவும் முடிவதில்லை. முழு வேகத்தில் எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் வண்டி நிற்க ஒரு கிலோமீட்டர் வரை ஓடிவிடும். ஒதுங்கிப் போகவோ ஸ்டியரிங்கே கிடையாது.

"நான் தண்டவாளத்தை விட்டுத் தள்ளித்தானே நிக்கிறேன்" என்பவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1.676 மீட்டர். அதில் ஓடும் பெட்டியின் அகலமோ ஏறக்குறைய 3.24 மீட்டர். ஆக, ஒவ்வொரு பக்கமும் இரண்டரை அடி வெளியே நீட்டிக்கொண்டு வருகிறது ரயில்! போதாக்குறைக்கு, அந்தக் காலத் 'தடக் தடக்' சத்தமும் போய்விட்டது. அது தண்டவாள இணைப்புகளில் சக்கரம் குதித்த சத்தம். இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். மின்சார எஞ்சினுக்குப் புகையும் இல்லை, பெருமூச்சும் இல்லை. காதில் இயர்போனும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

ரயில் விசில் பிறந்த கதையே ஒரு லெவல் கிராசிங்கில்தான் தொடங்குகிறது என்று சொல்வார்கள், தெரியுமா? 1833-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பக்கம், சந்தைக்கு வெண்ணெயும் முட்டையும் ஏற்றிப்போன குதிரை வண்டி மீது ரயில் மோதியதாம். அதன் பிறகுதான் எஞ்சினில் நீராவி ஊதுகுழல் பொருத்தும் யோசனை வந்ததாம். கதையில் எவ்வளவு வெண்ணெய், எவ்வளவு வரலாறு என்பதில் ரயில்வே ஆய்வாளர்களுக்குள் இன்னும் தகராறு. முட்டை உடைந்த விவரம் மட்டும் எல்லாருடைய கதையிலும் அப்படியே இருக்கிறது!

இனி கேட் கீப்பரின் அறைக்குள் எட்டிப் பார்ப்போம். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் "கேட்டை மூடு" என்றால், கேட் கீப்பர் "மூடியாச்சு சார்" என்று சொன்னால் மட்டும் போதாது. அச்சிட்டுக் கொடுத்த தாளிலிருந்து ஓர் எண்ணையும் சொல்ல வேண்டும். 'பிரைவேட் நம்பர்' என்று பெயர். சொன்ன எண்ணை அடித்துவிட வேண்டும், இருவரும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு வாய்ச்சொல்லுக்கு இத்தனை பூட்டு! இதைவிட ஒருபடி மேலே போனது இன்டர்லாக்கிங். அந்த வசதியுள்ள கேட்டில், தடுப்பு முழுக்க இறங்கிப் பூட்டிக்கொண்டால் ஒழிய ரயிலுக்கு சிக்னல் விழவே விழாது. மனிதர் மறந்தாலும் இயந்திரம் சிவப்பிலேயே நிற்கும்.

எல்லா கேட்டிலும் அந்த வசதி இல்லை. 2025 ஜூலை 8 காலை, கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். வியப்புத் துணுக்கு எழுத வந்த இடத்தில் இதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அதன் பிறகுதான், இன்டர்லாக்கிங் கட்டாயமாகும் போக்குவரத்து அளவை 20,000 டி.வி.யு.விலிருந்து 10,000 ஆகக் குறைத்தார்கள். எல்லா கேட்டிலும் கேமரா வைக்கவும் உத்தரவு போனது.

டி.வி.யு. என்றால்? ஒரு நாளில் கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கி வருவது. இதில் மாட்டு வண்டிக்கு ஒரு மதிப்பெண், ஆட்டோ ரிக்‌ஷாவுக்கு அரைதான் தெரியுமா? மாடு இரண்டு ஆட்டோவுக்குச் சமம்! பெருக்குத்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அங்கே மேம்பாலம் கட்ட ரயில்வே தன் பங்குப் பணத்தைத் தரும். சென்னை கோடம்பாக்கத்தில் 1960-களில் பாலம் வருமுன் இருந்தது ரயில்வே கேட்தான். கேட் போட்டால் ஸ்டூடியோவுக்குப் போகும் கார்களும் நிற்கும், உள்ளே இருக்கும் நட்சத்திரத்தைப் பார்க்க ரசிகர் கூட்டம் காத்திருக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கேட் அடைத்ததற்காக ஜனங்கள் சந்தோஷப்பட்டது அங்கே மட்டும்தான் இருக்கும்.

ஆளில்லாத கேட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது, இன்றும் ஏட்டில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 131-ஆம் பிரிவு. வண்டியை நிறுத்த வேண்டும், கண்டக்டரோ கிளீனரோ இறங்கி நடந்துபோய் இருபக்கமும் ரயில் வரவில்லை என்று பார்க்க வேண்டும், பிறகு வண்டியைத் தானே முன்னால் நடந்து கடத்திவிட வேண்டும். உதவிக்கு ஆளில்லையா? டிரைவரே இறங்கிப் பார்த்துவிட்டு வந்து ஓட்ட வேண்டும்! டவுன் பஸ் கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தில் நின்றதெல்லாம் அவர் காட்டிய கருணை இல்லை, சட்டம். 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசம் குஷிநகரில் இப்படிப்பட்ட கேட்டில் பள்ளி வேன் நிற்காமல் ஏறி, 13 குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த ஒன்பது மாதத்தில், 2019 ஜனவரிக்குள், அகலப் பாதையில் ஆளில்லா கேட் ஒன்றுகூட மிச்சமில்லாமல் செய்துவிட்டது ரயில்வே. ஒன்பது மாதத்தில் முடிகிற வேலையா இத்தனை ஆண்டு கிடந்தது என்று கேட்கத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றுகிறது.

அடைத்த கேட்டை நீங்களாகத் திறந்தால் ரயில்வே சட்டம் 160-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. உடைத்தால் ஐந்து ஆண்டு வரை!

ஆனால் நம் ஊர் கேட்டில் சட்டத்துக்கே சவால் விடும் காட்சி வேறு. கேட் அடைத்ததும் இந்தப் பக்கம் வண்டிகள் சாலை முழுக்கப் பரவி நிற்கும். அந்தப் பக்கமும் அப்படியே. கேட் திறந்ததும் இரு படையும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு, தண்டவாளத்தின் மேலேயே மாட்டிக்கொள்ளும். அடுத்து என்ன நடக்கும் தெரியுமா? கேட் கீப்பரால் மூட முடியாது. மூடாவிட்டால் சிக்னல் விழாது. பின்னால் வரும் ரயில் 'ஜி' என்ற வட்டப் பலகை மாட்டிய கேட் சிக்னலில் நின்றே ஆக வேண்டும். பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருந்து, ஹாரன் அடித்து, ஊர்ந்து வந்து கேட்டுக்கு முன்னால் மறுபடி நின்று, கேட் கீப்பர் கை காட்டினால்தான் நகர வேண்டும். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் எக்ஸ்பிரஸை ஒரு மினி லாரி நிறுத்திவைக்கும் அதிசயம் இது. ரயில் லேட் என்று ஸ்டேஷனில் திட்டுகிறவர்களில் சிலர் இந்த லாரிக்குப் பின்னால் ஹாரன் அடித்தவர்களாகவும் இருப்பார்கள்.

தானியங்கி கேட் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? 1968 ஜனவரி 6, இங்கிலாந்தின் ஹிக்சன். 120 டன் மின்மாற்றியைச் சுமந்த நீண்ட வண்டி, மணிக்கு இரண்டே மைல் வேகத்தில் தானியங்கிக் கேட்டைக் கடந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்ததிலிருந்து ரயில் வர 24 நொடிதான். அந்த வண்டி கடக்கவோ ஒரு நிமிடம் ஆகும். 11 பேர் இறந்தார்கள். பெரிய வண்டிக்காரர்கள் முன்கூட்டியே போன் செய்து கேட்க வேண்டும் என்ற விதி இருந்தது, அது அந்த டிரைவர் வரை போய்ச் சேரவே இல்லை.

ஜப்பானில் இன்னும் விசேஷம். கேட் திறந்தே இருந்தாலும் ஒவ்வொரு காரும் நின்று, பார்த்து, பிறகுதான் போக வேண்டும். சட்டம்! உள்ளே மாட்டிக்கொண்டால் தடுப்புக் கம்பியைக் காராலேயே தள்ளிக்கொண்டு வெளியே வரலாம், வளைந்து கொடுக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். பீக் நேரத்தில் ஒரு மணிக்கு 40 நிமிடமோ அதற்கு மேலோ மூடிக்கிடப்பதைத் 'திறக்காத கேட்' என்றே அந்த நாட்டு அரசு வகைப்படுத்தியிருக்கிறது. நியூசிலாந்தின் கிஸ்பர்னில் விமான ஓடுபாதையையே குறுக்கே வெட்டிப் போகிறது ஒரு தண்டவாளம். நம் கேட்டுகளின் இருபுறமும் நிற்கும் இரும்பு வளைவும் சும்மா இல்லை. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். உயரமாக ஏற்றிய வைக்கோல் லாரி முதலில் அந்த வளைவில் இடிக்கட்டும் என்றுதான்!

கடைசியாக, வண்டி தண்டவாளத்தில் நின்றே போய்விட்டால்? இறங்கி ஓட வேண்டும். எந்தப் பக்கம் தெரியுமா? ரயில் வரும் திசையை நோக்கி, தண்டவாளத்தை விட்டுச் சாய்வாக விலகி! மோதிய வண்டியின் சிதறல்கள் ரயில் போகும் திசையில்தான் பறக்கும். அந்தத் திசையில் ஓடினால் அவை துரத்திப் பிடிக்கும். ஓடும்போதே கேட் கீப்பரைக் கத்திக் கூப்பிடுங்கள். அவருக்கும் ஓட்டம் காத்திருக்கிறது. சிவப்புக் கொடியோடு, தண்டவாளத்தில் கவ்விக்கொள்ளும் வெடிகளையும் எடுத்துக்கொண்டு ஓடி, 600 மீட்டரில் ஒன்று வைக்க வேண்டும். 1,200 மீட்டரில் பத்து மீட்டருக்கு ஒன்றாக மூன்று. சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை உலுக்கும். இரட்டைப் பாதையென்றால் எதிர்த் திசைக்கும் இதே ஓட்டம்.