கடலில்லாத சீமையின் கடல் தொழில்

காசியிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் சாலை என்று பல்லாண்டுகள் ஏழாம் எண்ணைத் தாங்கியிருந்து, பின்னர் 44 என்று எண் மாறிய நெடுஞ்சாலை, சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டுக்கொண்டு, பரமத்தி வேலூருக்கு அப்பால் காவிரியைக் கடந்து, தெற்கே போய்க் கடலோரத்தில் முடிகிறது. கடலென்பதைப் படத்தில் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் நிறைந்த நம் சமவெளிக்கும் தென்கோடியின் நீலக் கடலுக்கும் உள்ள பந்தம் இந்த ஒரு சாலைதான். இரவு நேரங்களில் இதன்மேல், திமிங்கிலத்தின் விலா எலும்பு போன்ற காற்றாலை இறக்கைகளைச் சுமந்துகொண்டு, முன்னும் பின்னும் காவல் வண்டிகள் வர, நீண்ட டிரெய்லர்கள் ஊர்ந்து போவதைப் பார்த்தவர்கள் அநேகர். அந்த இறக்கைகள் இதுவரை நிலத்தில்தான் நடப்பட்டிருக்கின்றன. இனிக் கடலுக்குள்ளேயே நடப்போகிறோம் என்கிறார்கள். அதில் சேலம், நாமக்கல் பட்டறைக்காரர்களுக்கு என்ன பங்கு என்பதே இங்கு நான் விசாரிக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

தமிழ்நாட்டில் காற்றாலை புதிதன்று. 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தொடங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாயின் முப்பந்தலில் காடாக வளர்ந்த தொழில் அது. ஆயினும் நிலத்துக் காற்றுக்கு மலையும் மரமும் கட்டடமும் தடை. தடையற்ற கடலின் மேலோ காற்று வேகமாகவும் சீராகவும் வீசுகிறது. தனுஷ்கோடி மணலில் 2013-இல் நூறு மீட்டர் உயரக் கம்பம் நிறுத்தி அளந்து பார்த்த பிறகு, மன்னார் வளைகுடாவின்மேல் நிபுணர்களின் கண் அழுத்தமாகப் பதிந்தது. உலகத்தில் இம்முயற்சியை முதலில் செய்து காட்டியது டென்மார்க். 1991-இல் விண்டபி என்ற இடத்தில் பதினொரு யந்திரங்களை அவர்கள் கடலில் நிறுத்தினார்கள். பதினொன்றும் சேர்ந்து ஐந்து மெகாவாட்டுக்கும் குறைவு. இன்று ஒரே யந்திரம் பதினைந்து மெகாவாட் தருகிறது. அதன் இறக்கை ஒன்றே நூறு மீட்டரைத் தாண்டும்.

நம் தேசத்தில் கடல் காற்றாலைக் கொள்கை 2015-இல் வெளியாயிற்று. 2022-க்குள் 5,000 மெகாவாட், 2030-க்குள் 30,000 மெகாவாட் என்று 2018-இல் இலக்கும் சொல்லப்பட்டது. 2022 வந்து போயிற்று. கடலில் ஒரு தூண்கூட எழவில்லை. 2024 பிப்ரவரியில் தமிழகக் கடற்பரப்பில் 4,000 மெகாவாட்டுக்குக் குத்தகை ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. அதன் கெடுத் தேதியும் பலமுறை தள்ளிவைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் மத்திய மந்திரிசபை, குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தலைக்கு 500 மெகாவாட் என்று 7,453 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. அதில் 600 கோடி இரண்டு துறைமுகங்களைச் செப்பனிட. கடல் மின்சாரத்தின் விலை இன்னும் நிலத்து மின்சாரத்தைவிட மிக அதிகமாக இருப்பதால், இத்தகைய அரசாங்க ஊன்றுகோல் இல்லாமல் தனியார் எவரும் இறங்கமாட்டார்கள். ஆகவே, கடல் தொழில் வருகிறது என்ற பேச்சை நம்பிப் பாங்கில் கடன் வாங்கி யந்திரம் இறக்குகிற காரியத்தை இப்போதைக்கு எவரும் செய்யவேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

எது நம்மால் ஆகாது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. கடலடியில் அடித்து இறக்கும் அஸ்திவாரக் குழாய்கள் எட்டு மீட்டர், பத்து மீட்டர் விட்டமுள்ளவை. நம் நெடுஞ்சாலைப் பாலங்களின் அடியில் உள்ள இடைவெளியோ ஐந்தரை மீட்டர். எனவே அவற்றைக் கடற்கரையிலேயே உருட்டிக் கட்டி, அங்கிருந்தே கப்பலில் ஏற்றவேண்டும். கோபுரமும் இறக்கையும் அப்படியே. ஆனால் அந்தப் பேருருவத்துக்குள் ஏணி, கைப்பிடி, நடைத்தட்டு, கேபிள் தாங்கி, கதவு, நூற்றுக்கணக்கான பெரிய போல்ட்டுகள், நீரியல் குழாய் இணைப்புகள் என்று எத்தனையோ சிறு உறுப்புகள் இருக்கின்றன. இவை எந்தப் பாலத்துக்கடியிலும் நுழையும். கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலை எவர்சில்வர்த் தகட்டுக்குப் பேர்போனது. மேச்சேரிக்குப் பக்கத்தில் பொட்டனேரி ஆலையில் வாகன உறுப்புகளுக்கான கலப்பு எஃகுத் தண்டுகள் தயாராகின்றன. கடலுக்குச் சாதாரண எவர்சில்வர் உதவாது. உப்புநீரிலுள்ள குளோரைடு அதில் ஊசி குத்தியதுபோலக் குழி பறித்துவிடும். மாலிப்டினம் இரண்டு மூன்று சதவிகிதம் சேர்ந்த 316 என்ற ரகம் போன்றவையே தாக்குப்பிடிக்கும். நம் வீட்டு டம்ளருக்கும் கடல் ஏணிக்கும் உள்ள பேதம் அந்தச் சிட்டிகை உலோகத்தில் அடங்கியிருக்கிறது.

உலோகமும் கைத்திறமையும் இருந்தும் கடல் தொழிலின் கதவு நமக்குத் திறக்காததற்குக் காரணம் வேறு. சங்ககிரிப் பக்கம் ஒரு லேத் பட்டறை முதலாளியிடம், கடல் தொழிலுக்கு அனுப்பும் ஒவ்வொரு துண்டோடும் அதன் ஹீட் நம்பர் என்கிற வார்ப்பு எண், ஆலைச் சான்று, வெல்டிங் செய்தவரின் தகுதிப் பத்திரம், பரிசோதனை அறிக்கை எல்லாம் போகவேண்டும் என்று சொன்னேன். “ஏனுங்க, சாமான் நல்லாருந்தாப் பத்தாதுங்களா? அது பொறந்த கதையெல்லாமா கேப்பாங்க?” என்றார். ஆம், பிறந்த கதையைத்தான் கேட்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகம் கேட்பதுபோல இரும்புக்கு ஜாதகம் கேட்கிற தொழில் இது. இருபத்தைந்து வருஷம் கடல் நடுவில் நிற்கவேண்டிய யந்திரத்தில் ஒரு போல்ட் முறிந்தால், அது எந்த உலையில் எந்த நாள் வார்த்த இரும்பு என்று தேடி, அதே வார்ப்பில் பிறந்த சகோதரர்களை எல்லாம் கழற்றியாக வேண்டும்.

இந்த ஒழுங்கு நம் சீமைக்கு அந்நியமானதென்று சொல்லவும் முடியாது. 2006-இல் பறவைக் காய்ச்சல் வந்து வெளிநாடுகள் நம் முட்டைக்குக் கதவடைத்தபோது, சோதனைச் சான்று இல்லாத முட்டை கப்பல் ஏறாது என்பதை நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் கசப்போடு கற்றுக்கொண்டார். தென்னிந்தியா முழுவதும் சமையல் எரிவாயுவைச் சுமக்கும் டேங்கர் லாரி உரிமையாளர்களின் சங்கம் இருப்பதும் நாமக்கல்லில்தான். வெடிபொருள் துறையின் லைசென்ஸும் டாங்கியின் பரிசோதனைத் தேதியும் சரியாக இல்லாவிட்டால் லோடு கிடைக்காது என்பது அவர்களுடைய தினசரி அனுபவம்.

லாரிக்காரருக்கு இன்னொரு விஷயமும் சொல்லாமலே புரியும். லோடு இறக்காமல் வண்டியை நிறுத்திவைத்தால் ஹால்டிங் கட்டணம் கேட்பார்கள் அல்லவா? காற்றாலையைக் கடலில் நிறுத்தும் கப்பல், கால்களை ஊன்றிக்கொண்டு நீர்மட்டத்துக்கு மேலே எழும் விசித்திரக் கப்பல். அதன் ஒரு நாள் வாடகை கோடி ரூபாயைத் தாண்டும். தென்மேற்குப் பருவத்தில் மே முதல் செப்டம்பர் வரை காற்று மும்முரமாக வீசும். மின்சாரத்துக்கு அதுவே அறுவடைக்காலம், கட்டுமானத்துக்கோ அதுவே விடுமுறை. மீதமுள்ள அமைதியான சில மாதங்களில் வேலை முடியவேண்டும் என்பதால், ஆர்டர்கள் கொத்தாக வரும், பிறகு நெடுநாள் வராது. ஒரு கூடை போல்ட் இரண்டு நாள் தாமதமானாலும் தண்டம் கழுத்தை நெரிக்கும்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவின் எந்த மாநிலத்துப் பாறையையும் துளைத்துத் தண்ணீர் காட்டியவை. அவற்றைக் கடலுக்குக் கொண்டுபோக முடியாதென்றாலும், நடுக்காட்டில் நள்ளிரவில் பழுதான கம்ப்ரஸரையும் ஹைட்ராலிக் பம்பையும் கைவிளக்கு வெளிச்சத்தில் சரிசெய்யும் இளைஞர்கள்தாம் அவ்வூரின் மெய்யான செல்வம். கடல் காற்றாலைகளைப் பழுதுபார்க்கத் தேவைப்படுவதும் அத்தகைய கைகளே. உயரத்தில் வேலை, தீத்தடுப்பு, முதலுதவி, கடலில் விழுந்தால் உயிர் தப்புதல் ஆகியவற்றில் சர்வதேசப் பயிற்சிச் சான்று பெற்று, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்தால் அவர்களுக்கு உலகெங்கும் உத்தியோகம் உண்டு. ஏரியில்கூட நீந்திப் பழகாதவர்களுக்குக் கடற்பயிற்சியா என்று சிரிக்கலாம். ஆப்பிரிக்கா வரை போர் போட்டு வந்தவர்களுக்கு அது பெரிய மலையன்று.

பணம் கைக்கு வரும் வழி மட்டும் கரடுமுரடானது. சிறு தொழிலுக்கு 45 நாளில் பட்டுவாடா செய்யவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெரிய கம்பெனிக்கு மேல் கம்பெனியாக மூன்று நான்கு படி இறங்கிவரும் ஆர்டரில், கடைசிப் படியில் நிற்கிற பட்டறைக்காரர் அந்தச் சட்டத்தைக் காட்டி வாதாடினால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று அஞ்சுகிறார். கடற்கரையிலும் அச்சம் இருக்கிறது: தூண்கள் எழுந்தால் வலை வீசும் இடம் போகுமே என்று மீனவர் கேட்கும் கேள்விக்கு அவர்கள் மனம் ஒப்பும் பதில் இன்னும் வரவில்லை. அது வராமல் கடல் வேலை நிம்மதியாக நடக்காது.

சில மாதங்கள் கழித்து அதே சங்ககிரிப் பட்டறைக்குள் நுழைந்தேன். சுவரோரமாக இரும்புத் தண்டுகள், ஒவ்வொன்றின் முனையிலும் பெயிண்டில் எழுதிய எண். மேசைமேல் நீள நோட்டுப் புத்தகம் ஒன்றில் வந்த தேதி, ஆலையின் பெயர், ஹீட் நம்பர் எல்லாம் முத்துமுத்தான எழுத்தில். கடலுக்கா என்று கேட்டேன். “கடலுக்கு இல்லீங்க, பட்டாளத்துச் சாமானுக்கு,” என்றார். பாதுகாப்புத் தளவாட வழித்தடத்தில் சேலத்தையும் சேர்த்திருக்கிறார்கள் அல்லவா, அவர்களும் ஜாதகம் கேட்கிறார்களாம்.