மஞ்சள் வரி மங்காமல் மணிபிளான்ட் வளர்ப்போம்

காணி இல்லாத வீட்டிலும் வளரக்கூடிய செடி மணிபிளான்ட். வாடகை அறையாக இருந்தாலும் சரி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சிறு வீடாக இருந்தாலும் சரி, யன்னலோரத்தில் ஒரு ஜாம் போத்தல் வைக்க இடமிருந்தால் போதும். இடம்பெயர்ந்து வாழ்ந்த எங்களில் பலருக்கு, நட்ட மரத்தில் காய் பறிக்கக் கொடுத்து வைக்கவில்லை. எனக்கும் அப்படித்தான். 2010 இல் மீள்குடியேறியபோது பக்கத்து வீட்டு அக்கா ஒரு சாண் கொடியை ஒடித்துத் தந்தார். "கொண்டுபோய்த் தண்ணியில போடு பிள்ளை, அது பிழைக்கும்" என்றார். அந்தக் கொடி இன்றும் என் வீட்டில் இருக்கிறது.

இந்தச் செடியின் சொந்த இடம் பசிபிக் சமுத்திரத்தில் உள்ள மோரேயா என்ற சிறு தீவு. இது பூப்பதே மிக அரிது. இயல்பாகப் பூத்ததாக அறியப்பட்ட கடைசித் தடவை 1964 ஆம் ஆண்டு. பூப்பதற்குத் தேவையான ஒரு வளர்ச்சிப் பொருளை இச்செடியால் உண்டாக்க முடியவில்லை என்று அமெரிக்காவின் நோர்த் கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 இல் கண்டறிந்தார்கள். பூ இல்லையேல் விதையும் இல்லை. எனவே எங்கள் வீடுகளில் உள்ள மணிபிளான்ட் எல்லாம் யாரோ ஒருவர் வெட்டிக் கொடுத்த கொடியில் இருந்து வந்தவைதான்.

வரி ஏன் மங்குகிறது?

"வாங்கும்போது மஞ்சள் வரியோடு அழகாக இருந்தது, இப்போது எல்லா இலையும் பச்சையாகிவிட்டது" என்று பல சகோதரிகள் சொல்வதுண்டு. காரணம் வெளிச்சம் போதாமை. இலையின் பச்சைப் பகுதிதான் வெயிலை வாங்கி உணவு சமைக்கிறது. மஞ்சளாகவும் வெள்ளையாகவும் இருக்கும் பகுதியில் பச்சையம் மிகக் குறைவு. பச்சைப் பகுதி சமைத்ததில்தான் அதுவும் வாழ்கிறது. அறை இருட்டாக இருந்தால் உணவு போதாது. அப்போது செடி மஞ்சளைக் குறைத்துப் பச்சையைக் கூட்டிக்கொள்கிறது.

ஆகவே செடியை யன்னலில் இருந்து இரண்டு மூன்று அடிக்குள் வையுங்கள். காலை இளவெயில் பட்டால் நல்லது. மத்தியான வெயில் நேரே பட்டால் மஞ்சள் பகுதி முதலில் கருகும். ஒரு மெல்லிய திரைச்சீலை போட்டால் போதும். ஒரு கொடி முழுக்கப் பச்சையாகிவிட்டால், நல்ல வரியுள்ள கடைசி இலை வரை விட்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். கிழமைக்கு ஒருமுறை ஈரத்துணியால் இலைத் தூசியைத் துடைத்துவிடுங்கள். தூசி படிந்த இலைக்கு வெளிச்சம் சேராது.

கொடி வெட்டும் முறை

இலை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு கணு இருக்கும். அதில் சிறு மொட்டுப் போல வேர் முனை தெரியும். கணுவுக்கு அரை அங்குலம் கீழே வெட்ட வேண்டும். கணு இல்லாத தனி இலையைத் தண்ணீரில் போட்டால் இலை வாடாமல் இருக்கும், சில வேளை வேரும் விடும். ஆனால் புதுக்கொடி வராது. நல்ல வரியுள்ள கொடியில் இருந்தே வெட்டுங்கள். கணு தண்ணீரில் மூழ்கவும் இலை வெளியே நிற்கவும் வேண்டும். இரண்டு மூன்று கிழமையில் வேர் இறங்கும்.

சாடியில் நடுவதானால் மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் சம அளவில் கலவுங்கள். சாடியின் அடியில் துளை இருக்க வேண்டும். மூன்று நான்கு கொடிகளைச் சேர்த்து நட்டால் அடர்த்தியாக வரும். மண்ணில் விரலை ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். இலை சுருண்டால் தாகம். கீழ் இலைகள் முழுதாக மஞ்சளாகி, தண்டும் மெதுமெதுப்பாக இருந்தால் தண்ணீர் கூடி வேர் அழுகுகிறது என்று பொருள்.

போத்தல் தண்ணீரில் கவனம்

2017 இல் இலங்கை முழுவதும் டெங்கு பரவி 186,000 பேருக்கு மேல் நோயாளராகப் பதிவானார்கள். அந்த வருடம் என் இளைய மகளும் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீடு திரும்பிய மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். முற்றத்தில் சிரட்டை, பழைய ரயர் என்று தேடினார், ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே வந்து, யன்னலில் இருந்த மணிபிளான்ட் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வேர்களுக்கிடையே நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. தண்ணீர் குறையக் குறைய நான் ஊற்றினேனே தவிர, ஒருநாளும் மாற்றவில்லை. மகளைக் கடித்த நுளம்பு அதில்தான் பிறந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அன்று என் நெஞ்சு பதறிப் போயிற்று.

டெங்கு நுளம்பு சுத்தமான தேங்கிய தண்ணீரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். காய்ந்த முட்டையும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை ஊற்றிவிட்டு, போத்தலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, வேரையும் அலசுங்கள். சாடியின் கீழ்த் தட்டில் நிற்கும் தண்ணீரையும் ஊற்றிவிடுங்கள். இதற்கு நேரமில்லாதவர்கள் போத்தலில் கழுவிய மணலை நிரப்பி, மணல் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடலாம். தண்ணீர் மேலே நிற்காவிட்டால் நுளம்புக்கு இடமில்லை. நான் இப்போது அப்படித்தான் வளர்க்கிறேன்.

இன்னும் இரண்டு விடயங்கள். இதன் இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற நுண்பளிங்குகள் உண்டு. குழந்தை கடித்தால் வாய் எரிந்து வீங்கும். எனவே கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டிய பின் கையைக் கழுவுங்கள். வெட்டிய கொடியைக் காட்டோரம் எறியவும் வேண்டாம். அங்கே வேரூன்றி, மரங்களில் ஏறி மூடிவிடும்.

வெட்டியதை எறிவதை விட, வேர்விட வைத்து ஒருவருக்குக் கொடுங்கள். சென்ற மாதம் எங்கள் ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவந்த தங்கச்சிக்கு நானும் ஒரு கொடி கொடுத்தேன், போத்தலில் மணல் நிரப்பித்தான்.