வாய் வழியே ஒரு தையல்

1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் உடல் எடையைக் குறைக்க இரைப்பை பைபாஸ் செய்தபோது, வயிற்றை நீளமாக அறுத்துத்தான் உள்ளே போக முடிந்தது. 1990களில் லேப்ராஸ்கோப்பி வந்து கீறல்கள் சிறுத்தன. ஆனால் சிலருக்குச் சில ஆண்டுகளில் எடை மெல்லத் திரும்பியது. அன்று அதற்குச் சொல்லப்பட்ட காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வாயைக் கட்டத் தெரியாதவர். மறுபடி அறுவை செய்யலாம். ஆனால் முன்பு அறுத்த இடத்தில் உறுப்புகள் தழும்போடு ஒட்டிக்கிடக்கும். தைத்த இடம் கசியும் ஆபத்தும் முதல் முறையைவிட அதிகம். மருத்துவர்களே தயங்கினார்கள்.

இன்று எடை திரும்பியவருக்கு முதலில் வாய் வழியே எண்டோஸ்கோப்பை இறக்கி அளந்து பார்க்கிறார்கள். பைபாஸில் மிஞ்சும் சிறு இரைப்பை ஏறத்தாழ 30 மில்லிலிட்டர்தான் கொள்ளும். அது சிறுகுடலோடு சேரும் துளை அகன்றுவிட்டால் உணவு தங்காது. உண்ட நிறைவும் நிலைக்காது. துளை அகல அகல, திரும்பும் எடையும் கூடுவதை 2011இல் வெளியான பாஸ்டன் ஆய்வு காட்டியது. பின்னால் வந்த எந்தக் கருவியையும்விட இந்த அளவையே பெரிய மாற்றமாகக் கருதுகிறேன். ஆண்டுக்கணக்கில் தன்னையே நொந்துகொண்டவருக்கு மில்லிமீட்டரில் ஒரு விடை கிடைத்தது.

சிகிச்சையும் அதே வாய் வழியேதான். மயக்கம் கொடுத்து, துளையின் விளிம்பை ஆர்கான் பிளாஸ்மாவால் சுட்டு, சுற்றிலும் தையலிட்டு, சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பதுபோல், துளை 8 முதல் 10 மில்லிமீட்டராகும் வரை இறுக்குகிறார்கள். வயிற்றில் கீறல் இல்லை. பலர் அன்றே வீடு திரும்புகிறார்கள். 2022இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கான தையல் கருவிக்கு அனுமதி தந்தது.

எடைக் கணக்கு அடக்கமானது. 2013இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், தையல் பெற்றவர்கள் 6 மாதத்தில் சராசரியாக 3.5 சதவீத எடை இழந்தார்கள். தையலின்றி எண்டோஸ்கோப்பி மட்டும் செய்யப்பட்டவர்கள் 0.4 சதவீதம். அது மேலோட்டமாக மட்டும் தைக்க முடிந்த காலம். இரைப்பைச் சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவும் தையல் வந்தபின், 5 ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில் இழப்பு 9 சதவீதத்தை நெருங்கியது. அவர்களிலும் பலருக்கு மருந்தோ இன்னொரு சிகிச்சையோ இடையில் தேவைப்பட்டது.

அன்று அறுவைக்குப் போனவர், இத்தோடு முடிந்தது என்று நம்பிப் போனார். அந்த நம்பிக்கையை இன்று யாரும் தருவதில்லை. தையல் தளரலாம், துளை மீண்டும் அகலலாம். ஆனால் அப்படி நேர்ந்தால், குற்றவாளியைப் போலத் தலைகுனியாமல் திரும்பிவந்து இன்னொரு முறை அளந்து பார்க்கச் சொல்லலாம்.