பூட்டு யாருக்கு?

கடைக்குப் பூட்டு அவசியம் என்பதை வணிகர்களாகிய நாம் அறிவோம். ஆனால், அது தடுப்பது திருடனையா, வாடிக்கையாளரையா?

2008-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ‘ஸ்போர்’ கணினி விளையாட்டை, 3 கணினிகளுக்கு மேல் இயங்காதபடி பூட்டி விற்றது. திருட்டுப் பிரதியோ வெளியீட்டு நாளுக்கு முன்பே பரவிவிட்டது. காசு கொடுத்தவர்களே அவதிப்பட்டனர். எதிர்ப்பு வலுக்கவே, வரம்பை 5 ஆக உயர்த்த நேர்ந்தது.

அதற்காகப் பூட்டே வீண் என்றும் சொல்வதற்கில்லை. ‘டெனுவோ’ என்னும் பூட்டு பற்றி 2024-இல் வெளியான ஆய்வின்படி, முதல் வாரத்திலேயே அது உடைந்தால் வருவாயில் சராசரியாகச் சுமார் 20 விழுக்காடு போகிறது. 12 வாரங்களுக்குப் பின் உடைந்தால் இழப்பு ஏறக்குறைய இல்லை.

ஆகவே, புதுச்சரக்குக்குப் பூட்டு போடலாம். விற்பனை ஓய்ந்தபின் அதைக் கழற்றிவிடுவதே, பணம் தந்து வாங்கியவருக்கு நாம் செய்யும் மரியாதை.