புள்ளிவிவரச் செயலி அமைக்கத் தொடங்குவோருக்கு

ஒரே மாதிரியான அறிக்கையை மாதந்தோறும் புதிதாக அமைப்பதில் களப்பணியாளரின் பொழுது பெரிதும் கழிகின்றது. 1989இல் முதன்முதல் வெளிவந்த ஜே.எம்.பி. என்னும் புள்ளியியல் மென்பொருளில், இவ்வுழைப்பைக் குறைக்கும் 'அப்ளிகேஷன் பில்டர்' என்னும் சாதனம் 2012இல் சேர்க்கப்பட்டது.

இதனை வெறும் பரப்புடன் தொடங்குவது வீண் அலைச்சலாகும். முதலில் அட்டவணையைத் திறந்து, வேண்டிய அறிக்கைகளை வழக்கம்போல் ஆக்கிக்கொள்ளல் நலம். உதாரணமாக, மழையளவின் பரவலும், மழையையும் விளைச்சலையும் ஒப்பிடும் வரைபடமும். பின்னர் 'ஃபைல்' பட்டியலில் 'நியூ', 'அப்ளிகேஷன்' என்பவற்றைத் தேர்ந்தால், அவ்வறிக்கைகள் இடப்புறத்தில் தோன்றும். அவற்றைச் சுட்டியால் இழுத்து நடுப்பரப்பில் வைத்தல் வேண்டும். தலைப்பு முதலியவற்றை வலப்புறத்தில் திருத்திக்கொள்ளலாம். பொத்தான்களை இயக்குவதற்கே நிரல் எழுதத் தேவைப்படும். ஆரம்ப நாட்களில் பொத்தான்கள் இல்லாமலே வேலை நடக்கும்.

செயலி எந்த அட்டவணையை நாடவேண்டும் என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். குறிப்பிட்ட கோப்பையே நாடும்படி விட்டால், ஜூலை அறிக்கையில் ஜூன் மாத எண்களே பிழையின்றி அச்சாகும். பார்ப்பவருக்கு ஐயமும் எழாது. நடப்பில் திறந்துள்ள அட்டவணையை எடுக்கும்படியோ, ஒவ்வொரு முறையும் கேட்கும்படியோ அமைப்பதே தக்கது. பத்திகளின் பெயர்களும் மாறலாகாது. ஒரு பள்ளி 'மழை' என்றும் மற்றொன்று 'மழையளவு' என்றும் எழுதியனுப்பினால், இரண்டும் ஒன்றே என்பது செயலிக்குத் தெரியாது.