போலிப் பந்தயக் கார்களும் அசல் பத்திரமும்

போலிச் சரக்கு என்றால் நமது கடைக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது சோப்பு, ஊதுவத்தி, தேயிலைத் தூள், பிளேடு. பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, அதே வண்ணத்தில் உறை அச்சடித்து, விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். இதே தொழில் முந்நூறு கோடி ரூபாய் பெறுமானமுள்ள சரக்கிலும் நடக்கிறது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். உலகப் புகழ் பெற்ற பழைய பந்தயக் கார்களைத்தான் சொல்கிறோம். சரக்கு வேறானாலும் சங்கதி நமக்குத் தெரிந்ததுதான். ஆகவே இம்முறை மளிகையிலிருந்து சற்று விலகி இதைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் விலையைப் பார்ப்போம். விலை ஏறிய பிறகுதானே போலி வருகிறது! இத்தாலியின் பெராரி கம்பெனி 1962 முதல் 1964 வரை 250 ஜி.டி.ஓ. என்ற பந்தயக் காரைச் செய்தது. மொத்தம் 36 வண்டிகள். (நான்கு லிட்டர் எஞ்சின் வைத்த மூன்றையும் சேர்த்து 39 என்று கணக்கிடுவோரும் உண்டு.) புதிதாக அமெரிக்காவில் அதன் விலை சுமார் 18,000 டாலர். அன்று டாலர் 4 ரூபாய் 76 காசு. ஆக நம் பணத்தில் 86 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. நாலைந்து வருஷத்தில் பந்தயத்திற்கு அது பழைய மாடல் ஆகிவிட்டது. ஒரு வண்டி டெக்சாஸ் மாநிலத்தில் விக்டோரியா என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு இனாமாகப் போயிற்று. பையன்கள் மெக்கானிக் வேலை பழகுவதற்கு! அந்தப் பள்ளி 1972-இல் அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஓஹியோ மாநிலத்தில் ஒரு வயலில், டிரெய்லர் மேலேயே, வெயிலிலும் மழையிலும் சுமார் பதினைந்து வருஷம் போட்டு வைத்திருந்தார்.

அதே ரகத்தைச் சேர்ந்த வேறொரு வண்டி 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போயிற்று. அன்றைய மாற்று விகிதத்தில் 330 கோடி ரூபாய்க்கு மேல். 2023 நவம்பரில் நியூயார்க்கில் இன்னொன்று 5 கோடியே 17 லட்சம் டாலர். தங்கமும் நிலமும் ஏறிய வேகத்தைப் பார்த்திருக்கிறோம். தகரமும் அலுமினியமும் இப்படி ஏறியதை எங்கும் பார்த்ததில்லை.

இனிப் போலிக்கு வருவோம். அதிலும் நமது பருப்பு வியாபாரத்தைப் போல முதல் ரகம், இரண்டாம் ரகம் எல்லாம் இருக்கின்றன. கீழ் ரகம் என்பது ஜப்பானின் டாட்சன் காரை வாங்கி, மேல் பாடியைக் கழற்றிவிட்டு, ஃபைபர் கண்ணாடியில் வார்த்த ஜி.டி.ஓ. பாடியை மாட்டுவது. பானெட்டைத் திறந்தாலே குட்டு வெளிப்படும். மேல் ரகம்தான் சாமர்த்தியமானது. பெராரி கம்பெனியே அதே காலத்தில் 250 ஜி.டி.இ. என்ற நாலு பேர் உட்காரும் குடும்பக் காரையும் செய்தது. சுமார் 950 வண்டிகள். ஜி.டி.ஓ.வில் இருப்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த பன்னிரண்டு சிலிண்டர், மூன்று லிட்டர் எஞ்சின்தான். ஒரு காலத்தில் இந்தக் குடும்பக் கார் சல்லிசாகக் கிடைத்தது. அதை வாங்கி, சக்கரங்களுக்கு இடையே 2,600 மில்லிமீட்டர் இருந்த சேஸிஸை 2,400 ஆக வெட்டிக் குறுக்கி, தேர்ந்த கொல்லர்களைக் கொண்டு அலுமினியத் தகட்டை அடித்துப் புதுப் பாடி போர்த்திவிட்டால், ஓடுகிற சத்தம் முதற்கொண்டு அசல் மாதிரியே இருக்கும். ஏன், பாதி அசல் பெராரிதான்! நல்ல மிளகோடு பப்பாளி விதை கலப்பவனை விட இவர்கள் ஒரு படி மேல். நல்ல மிளகோடு அதே தோட்டத்து மட்ட மிளகைக் கலக்கிறார்கள்.

இதைச் செய்வது எல்லாமே மோசடியா என்றால், இல்லை. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய கோடு இருக்கிறது. இங்கிலாந்தில் கேமரன் மில்லர் என்பவர் மசராட்டி 250 எஃப். பந்தயக் காரின் உதிரிபாகங்களை ஏராளமாகச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றைக் கொண்டு புது வண்டிகள் கட்டினார். ஆனால் அவற்றுக்குத் தம் பெயரின் முதல் எழுத்துகளான சி.எம். என்று தொடங்கும் எண்களைக் கொடுத்தார். பார்த்தவுடனே இது மில்லர் கட்டியது என்று தெரியும். அர்ஜென்டினாவில் பரானா என்ற ஊரில் பூர் சாங் என்ற பட்டறை 1920-களின் புகாட்டி பந்தயக் கார்களை நட்டு முதல் போல்ட் வரை புதிதாகச் செய்து, புதிதாகச் செய்தது என்று சொல்லியே விற்கிறது. வாங்குகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஜாகுவார் கம்பெனி 1955-இல் 100 டி-டைப் கார்கள் செய்யத் திட்டமிட்டு 75-தான் செய்தது; மீதி 25-ஐ 2018-இல் செய்யத் தொடங்கியது. அறுபது வருஷம் கழித்து பாக்கி ஆர்டரை முடித்துக் கொடுத்த கம்பெனி வேறு ஏதாவது உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

மோசடி எங்கே தொடங்குகிறது? எண்ணில். வண்டியின் சேஸிஸில் பொறித்திருக்கும் எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண்ணை அடிக்கும்போது தொடங்குகிறது.

ஜி.டி.ஓ. விஷயத்தில் அது சுலபமில்லை. 36 வண்டிகளுக்கும் எண் உண்டு. ஒவ்வொன்றும் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று அன்பர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். 37-வது வண்டியை யாரும் கொண்டுவந்து நிறுத்த முடியாது. கணக்குக் குழம்பிய கார்களில்தான் போலிக்காரனுக்கு வேலை. பந்தயத்தில் வண்டி மோதி நொறுங்கும். பட்டறைக்காரர்கள் புது சேஸிஸ் போட்டுப் பழைய எண்ணையே அதில் அடித்து அடுத்த பந்தயத்துக்கு அனுப்புவார்கள். சுங்கச் சாவடியில் காட்டும் காகிதத்தில் அந்த எண்தானே இருக்கிறது! நெளிந்த பழைய சேஸிஸ் கொட்டகை மூலையில் கிடக்கும். முப்பது வருஷம் கழித்து ஒருவர் அந்தத் துண்டை எடுத்துவந்து அதைச் சுற்றி ஒரு முழுக் காரைக் கட்டுவார். இப்போது ஒரே எண்ணுக்கு இரண்டு வண்டி. இருவரும் எங்களுடையதே அசல் என்பார்கள். ஒரே மனைக்கு இரண்டு பத்திரம் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு அலைவதைப் பார்த்திருக்கிறோமே, அச்சு அசல் அதே கதை. சில பழைய மாடல்களில் கம்பெனி செய்ததை விட இன்று உயிரோடிருப்பவை அதிகம் என்று அந்த வட்டாரத்தில் ஒரு கேலியும் உண்டு.

ஆகவே அங்கே பெரிய தொகைக்கு வாங்குகிறவர்கள் வண்டியைப் பார்ப்பதற்கு முன் வில்லங்கம் பார்க்கிறார்கள். சேஸிஸ் எண், எஞ்சின் எண், கியர் பாக்ஸ் எண் மூன்றும் கம்பெனிப் பேரேட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்கிறார்கள். பெராரி கம்பெனியே இதற்கென ஒரு பிரிவு வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறது. எண் பொறித்த அச்சின் எழுத்து வடிவம், வெல்டிங் செய்த விதம், பழைய பந்தயப் புகைப்படங்களில் தெரியும் ரிவெட் வரிசை எல்லாவற்றையும் ஒப்பிடுகிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் தவறும். 2007-இல் பாரிஸில், போருக்கு முந்தைய ஆட்டோ யூனியன் பந்தயக் கார் ஒன்றை கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனி பெரும் விளம்பரத்தோடு ஏலத்துக்கு வைத்திருந்தது. எந்தெந்தப் பந்தயத்தில் ஓடிய வண்டி அது என்பதில் சந்தேகம் எழவே, விற்பனையிலிருந்து விலக்கிவிட்டார்கள். விற்றுவிட்டுக் கைபிசைவதை விட அது எவ்வளவோ மேல்.

சரி, பாகங்கள் எல்லாமே மாறிவிட்ட வண்டி அசலா, போலியா? இந்தக் கேள்வி 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே வந்தது. வண்டியின் பெயர் 'ஓல்டு நம்பர் ஒன்'. பென்ட்லி கம்பெனியின் ஸ்பீடு சிக்ஸ் ரகம். பிரான்ஸில் லெ மான்ஸ் என்ற ஊரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 இரண்டு வருஷமும் வென்ற பெயர் பெற்ற கார். ஹப்பர்டு என்பவரிடம் இருந்த அதை மிடில்பிரிட்ஜ் என்ற கம்பெனி ஒரு கோடி பவுனுக்கு வாங்குவதாக ஒப்பந்தம் செய்தது. பிறகு, இது அந்தக் கார் இல்லை, நாங்கள் வாங்கமாட்டோம் என்று பின்வாங்கியது. பழைய கார்களின் விலை உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கிய வருஷம் அது. விலை இறங்கும்போதுதான் சரக்கில் உள்ள குறை கண்ணுக்குத் தெரியும் என்பது நம் மண்டிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கம்பெனியின் மனதில் என்ன இருந்தது என்று நாம் சொல்லவரவில்லை.

நீதிபதி ஆட்டன் வண்டியை அங்குலம் அங்குலமாக விசாரித்தார். 1929-இல் வென்ற காரில் இருந்தது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய பாகம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 1930-இன் காலத்தைச் சேர்ந்தவை பெடல் தண்டு, கியர் பாக்ஸ் கூடு, ஸ்டியரிங் தண்டு, இவ்வளவுதான். 1932-இல் அதற்கு எட்டு லிட்டர் எஞ்சின் பொருத்தி புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் ஓட்டியபோது மேட்டு விளிம்பைத் தாண்டி விழுந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். சேஸிஸ், முன் அச்சு, எஞ்சின் முதலியவை அந்த 1932 வண்டியைச் சேர்ந்தவை. அதற்குப் பிறகு மூடிய பாடி போட்டுச் சாலைக் காராக மாற்றினார்கள்.

இத்தனையும் கேட்டால் வழக்கு தோற்றது என்றுதானே நினைப்போம்? நீதிபதி ஹப்பர்டுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். முதலில் செய்த உருவிலேயே இருக்கிறது என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் இது உண்மையான ஓல்டு நம்பர் ஒன்தான் என்றார். காரணம், அந்தக் கார் ஒரு நாளும் இல்லாமல் போகவில்லை. ஒரே வண்டியாக, படிப்படியாக மாறிக்கொண்டே, கையிலிருந்து கைக்கு வந்திருக்கிறது; நடுவில் சரித்திரம் அறுபடவில்லை; அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறொரு வண்டியும் இல்லை. நமக்கு இது எளிதாக விளங்கும். பாட்டனார் தொடங்கிய கடையில் தராசு மாறிவிட்டது, அலமாரி மாறிவிட்டது, ஓடு போய் கான்கிரீட் வந்துவிட்டது, கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் பேரன். கடை அதே கடைதானே? அடுத்த தெருவில் ஒருவர் பாட்டனாரின் பழைய தராசை மட்டும் ஏலத்தில் எடுத்துவந்து அதே பெயரில் போர்டு மாட்டினால் ஒப்புக்கொள்வோமா?

இன்னொரு தீர்ப்பையும் சொல்ல வேண்டும். போலி என்று சொல்லித்தானே விற்றோம் என்று வாதிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் ராபர்ட்ஸ் என்பவர், பெராரி டேடோனா ஸ்பைடர், டெஸ்டரோசா ஆகிய கார்களின் பாடியை ஃபைபர் கண்ணாடியில் செய்து, வேறு கார்களின் மேல் மாட்டிக்கொள்ளும்படி விற்றார். (1967-இல் பெராரி முதல் மூன்று இடங்களையும் பிடித்த டேடோனா பந்தயத்தின் நினைவாக வழங்கும் பெயர் அது.) செட் 8,500 டாலர்; முழுதும் முடித்த வண்டி சுமார் 50,000. வாங்குகிறவர்களிடம் இது பெராரி இல்லை என்று சொல்லித்தான் விற்றார். ஆனாலும் 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெராரி பக்கம் தீர்ப்பளித்தது. வாங்கியவருக்குத் தெரியும், சரி. சாலையில் அந்த வண்டியைப் பார்க்கிற நாலு பேருக்குத் தெரியுமா என்று கேட்டது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார். நமக்கும் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. சொல்லி விற்றவரையும் மறைத்து விற்றவரையும் ஒரே தட்டில் வைப்பது சரியாகத் தோன்றவில்லை. ஆயினும் தீர்ப்பு தீர்ப்புதான்.

இத்தாலியில் பொலோனா நீதிமன்றம் 2019-இல் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 250 ஜி.டி.ஓ.வின் உருவமே ஒரு கலைப் படைப்பு, அதைப் பிறர் நகல் செய்யக் கூடாது என்றது. ஆனால் அடுத்த வருஷமே ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகம், அந்த உருவத்தைக் காருக்கான வணிகச் சின்னமாக பெராரி பல வருஷமாகப் பயன்படுத்தவில்லை என்று அந்தப் பதிவை நீக்கியது. எதற்கு மட்டும் விட்டுவைத்தது தெரியுமா? பொம்மைக் கார்களுக்கு!

பொம்மைக் கார் என்றதும் நம் கடை வாசலுக்கே வந்துவிட்டோம். பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் அன்பர்கள் பலர், புகழ் பெற்ற கம்பெனிகளின் பெயரும் சின்னமும் அச்சிட்ட சிறு கார்களை அட்டையோடு தொங்கவிட்டிருக்கிறார்கள். அவற்றில் உரிமம் பெற்றவையும் உண்டு, பெறாதவையும் உண்டு. நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தில், போலிச் சின்னம் இட்ட சரக்கைத் தயாரிப்பவருக்கு 103-வது பிரிவு, விற்பவருக்கு 104-வது பிரிவு. இரண்டிலும் தண்டனை ஒன்றே: ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் இரண்டு லட்சம் வரை அபராதம். தனிக் காரணம் எழுதி வைத்தால்தான் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம். செய்தவனுக்கும் விற்றவனுக்கும் ஒரே அளவு என்பதைக் கவனிக்கவும்.

அதே 104-வது பிரிவில் கடைக்காரருக்கு ஒரு வழியும் விட்டிருக்கிறார்கள். வேண்டிய முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன், சந்தேகப்படக் காரணம் இருக்கவில்லை, யாரிடம் வாங்கினேன் என்ற விவரத்தைக் கேட்டவுடன் கொடுத்துவிட்டேன் என்று காட்டினால் தண்டனையிலிருந்து தப்பலாம். வேறு வகையில் குற்றமின்றி நடந்ததை நிரூபித்தாலும் சரி. துண்டுச் சீட்டில் 'பொம்மை - 2 டஜன்' என்று எழுதி ரொக்கத்துக்கு இறக்கிவிட்டுப் போகிற லைன் வியாபாரியின் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. சரக்கின் பெயர், எண்ணிக்கை, அனுப்பியவர் முகவரி, ஜி.எஸ்.டி. எண் உள்ள பில்லைக் கேட்டு வாங்கி, சரக்கு விற்றுத் தீர்ந்த பிறகும் கோப்பில் வைத்திருக்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.